டெக்சஸ் கறிக்கடையும் பெருந்துறை மாமாவும்

டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்குக் குடிவந்த முதல் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நானும் மனைவியும் மகனும் நல்ல பசியோடு, புகையில் கறி சுட்டு விற்கும் ஒரு பார்பிக்யூ கடைக்குப் போனோம். வாசலில் ‘தீர்ந்துவிட்டது’ என்று ஒரு பலகை. உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண், சாசேஜ் இரண்டும் கொஞ்சம் உருளைக்கிழங்கு சாலடும்தான் மிச்சம் என்றார். கூட்டம் வரும் நாளில், வெயில்கூட இறங்காத நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இப்படி மூடுமா என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. அன்று பீட்சா வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

அடுத்த வாரம் வேறொரு கடை. இந்தத் தடவை பதினொரு மணிக்கே போய்விட்டோம். பலகையில் எல்லாமே பவுண்டுக் கணக்கு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 454 கிராம். மூன்று பேர்தானே என்று பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி ஒரு பவுண்டு, பன்றி விலா ஒரு பவுண்டு, வான்கோழி ஒரு பவுண்டு சொன்னேன். பார்க்க ஆசையாக இருந்ததால் பெரிய மாட்டு விலா எலும்பு ஒன்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு எலும்பே ஒரு பவுண்டுக்கு மேல் நின்றது. விலாவுக்கு எலும்போடு சேர்த்துத்தான் எடை. பில் நூறு டாலரைத் தாண்டியது. மிஞ்சிய கறி நான்கு நாள் ஃபிரிட்ஜில் கிடந்தது.

இரண்டு தடவையும் நான் ஹோட்டலுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்குதான் தப்பு. ஆஸ்டினுக்குத் தெற்கே இருக்கும் லாக்ஹார்ட் என்ற ஊர்ப் பக்கத்துப் பழைய கடைகளின் பெயர்களைக் கவனித்தபோது எனக்கு விஷயம் விளங்கியது. 1900-இல் தொடங்கிய ‘க்ரைட்ஸ் மார்க்கெட்’, அந்தக் கடையின் பழைய கட்டடத்தில் இன்று இருக்கும் ‘ஸ்மிட்டிஸ் மார்க்கெட்’. பெயரிலேயே மார்க்கெட் என்று இருக்கிறது. இவை கறிக்கடைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பக்கமிருந்தும் மத்திய டெக்சஸுக்குக் குடியேறியவர்கள் ஊருக்கு ஊர் கறிக்கடை போட்டார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலம். விற்காத கறியைக் கெட்டுப்போகாமல் புகையில் போட்டார்கள், துண்டு துணுக்குகளை அரைத்துச் சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளிகள் அந்தச் சுட்ட கறியை எடைபோட்டு வாங்கி, கறி கட்டிக் கொடுத்த காகிதத்தையே விரித்து அங்கேயே சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ளக் கடை அலமாரியில் இருந்த பிஸ்கட்டும் வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும். இன்றைக்கும் உங்கள் தட்டில் வெள்ளை ரொட்டியும் பச்சை வெங்காயமும் வினிகர் வெள்ளரியும் வருவது அந்தப் பழக்கத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் கறி எடுக்கப் போகும்போது நாம் எப்படிப் போவோமோ அப்படித்தான் இங்கும் போக வேண்டும். சீக்கிரம் போனால் நல்ல இடம் கிடைக்கும். எந்த இடம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கால் கிலோ, அரைக் கிலோ என்று அளவாக வாங்க வேண்டும். மதியத்துக்கு மேல் போனால் கொக்கி காலியாகத்தான் இருக்கும், அதற்காகக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள முடியாது.

தீர்ந்துபோனதும் ஏன் இன்னும் கொஞ்சம் போட மாட்டேன் என்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில், அந்தக் கறியே நேற்று அடுப்பேறியது என்பதுதான். பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுப் பகுதி. மாட்டின் எடையைச் சுமந்தே இறுகிப்போன தசை, நார்நாராக இருக்கும். அவசரமாகச் சுட்டால் கடிக்க முடியாது. அதனால் ஆஸ்டின் பக்கத்துக் கடைகளில் நெருப்பு ஒரு மூலையிலும் கறி மறுமூலையிலுமாக வைத்து, 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே புகையில் விடுகிறார்கள். உள்ளே சூடு 65, 70 டிகிரியைத் தொட்டதும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். கறியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வரும் குளிர்ச்சி அது, நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்வது போல. அந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் கறி காய்ந்துவிடும். காத்திருந்தால், இறுகிய நாரெல்லாம் கரைந்து, 95 டிகிரி வாக்கில் ஆட்டுக்கால் பாயாவில் விரலில் ஒட்டுமே, அந்தப் பசை போல ஆகிவிடும். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து விறகு தள்ளியிருக்கிறார். மதியம் இரண்டரைக்கு வந்த எனக்காகப் புதிதாக ஒன்று போட்டால், அடுத்த நாள் விடியும்போதுதான் கிடைக்கும்.

சரி, இதெல்லாம் பிடிபட்ட பிறகு போன ஜூலையில் மாமாவும் அத்தையும் பெருந்துறையிலிருந்து வந்தார்கள். மாமா ஊரில் ஆடு வளர்த்தவர். கறியைத் தொட்டுப் பார்த்தே இளசா முத்தலா என்று சொல்லிவிடுவார். மாட்டுக்கறி தொட மாட்டார், வெண்பன்றி சாப்பிடுவார். அத்தை சனிக்கிழமை கவிச்சியே தொடுவதில்லை. எங்களுக்குப் போக வாய்த்த நாளும் சனிக்கிழமைதான். நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன், மனைவி சாப்பிட மாட்டாள். ஒரே குடும்பத்தில் இத்தனை விதம் இருக்கும்போது எங்கே, எப்படி என்று யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

லாக்ஹார்ட், ஆஸ்டினுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ‘டெக்சஸின் பார்பிக்யூ தலைநகர்’ என்று 1999-இல் மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்ட ஊர். அதே வருஷம்தான் க்ரைட்ஸ் குடும்பக் கடை இரண்டாகப் பிரிந்தது. கட்டடம் ஒருவருக்கு, பெயரும் வியாபாரமும் உடன்பிறந்த இன்னொருவருக்கு. பெயரை எடுத்துக்கொண்டவர் பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துப் போய்ப் புதுக் கடை அடுப்பில் தீ மூட்டினார். இதை வழியில் காரில் சொன்னதும் அத்தை, “அடுப்பு அணையக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க பாருங்க” என்றார். அத்தை அதற்கப்புறம் அந்த ஊரை வேறு மாதிரிப் பார்த்தார்.

நாங்கள் போனது பழைய கட்டடம், ஸ்மிட்டிஸ். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை இங்கேதான். வரிசையில் நிற்கும் இடத்திலேயே, செங்கல் அடுப்பின் வாய்ப்பக்கம், தரையோடு தரையாக விறகு எரிந்துகொண்டிருக்கும். மகன் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். சுவரெல்லாம் நூறு வருஷத்துப் புகை ஏறிக் கறுத்துப்போய், நம் பாட்டி வீட்டுச் சமையல்கட்டு மாதிரி இருந்தது. ஜூலை வெயிலில் அந்தச் சூட்டில் நிற்பது பெரியவர்களுக்குச் சிரமம்தான். அத்தையை உள்ளே சாப்பிடும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் நின்றோம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

மாமா வரிசையில் பேசவே இல்லை. தீயைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், “ஏனுங்க மாப்பிள்ளை, இது என்ன மரமுங்க?” என்றார். போஸ்ட் ஓக், இந்தப் பக்கத்து மரம், வெட்டி மாதக்கணக்கில் காயப்போட்டு எரிப்பார்கள் என்றேன். “அதானுங்களே. பச்சை விறகா இருந்தா இந்நேரம் கண்ணு கரிச்சிருக்கோணும். கருவேலம் மாதிரி நின்னு எரியுது” என்றார். இந்த ஊரில் அடுப்பையும் கறியையும் பார்த்துக்கொள்ளும் பிட்மாஸ்டர்கள் சொல்வதும் இதுவேதான். ஈர விறகு திணறி எரிந்து வெள்ளையாகப் புகைந்தால் கறியில் கசப்பு ஏறும். காய்ந்த விறகில் காற்றோட்டத்தோடு எரியும் தீயின் புகை மெல்லிசாக, நீலம் பாய்ந்த மாதிரி, கண்ணுக்கே சரியாகத் தெரியாமல் போகும். அந்தப் புகைதான் வாசம் தரும். கடைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் கறியைக் கொஞ்சமாக வாங்குங்கள் என்பது மாமாவிடம் நான் கற்றுக்கொண்டது.

வாங்கும் விதம். வெட்டுபவர் முன்னால் போய் நின்றதும் வேகமாகக் கேட்பார், பதற வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு எல்லாக் கறியும் சேர்த்து அரை பவுண்டு போதும். தொட்டுக்கொள்ள வேறு வகைகள் எடுத்தால் அதற்கும் குறைவாகவே போதும். கால் பவுண்டு, இரண்டு துண்டு என்றாலும் பெரும்பாலான கடைகளில் கொடுக்கிறார்கள். பிரிஸ்கெட் வாங்குகிறவர்கள் ‘லீன்’ வேண்டுமா ‘மாய்ஸ்ட்’ வேண்டுமா என்பதைச் சொல்ல வேண்டும். லீன் என்றால் நம் தனிக்கறி. மாய்ஸ்ட் என்றால் கொழுப்பு சேர்த்து, சில கடைகளில் ‘ஃபேட்டி’ என்பார்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கொழுப்பு சேர்ந்ததைக் கேளுங்கள். அத்தனை மணி நேரப் புகைக்குப் பலன் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. லீன் ஆறினால் சீக்கிரம் வறண்டுவிடும்.

ஆஸ்டினில் ஒரு கடையில் வெட்டுபவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே நூல் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. சூடு தாங்கவும் வேண்டும், கறி நழுவவும் கூடாது. ஒரு பக்கமிருந்து பென்சில் கனத்துக்குத் துண்டுகள் போட்டுக்கொண்டே வந்தவர், நடுவுக்கு வந்ததும் மொத்தக் கறியையும் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து வெட்ட ஆரம்பித்தார். பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன, நார் ஓடும் திசை இரண்டுக்கும் வேறு. நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் வாயில் கரையும். நல்ல துண்டை விரல்மேல் தொங்கவிட்டால் உடையாமல் வளைந்து தொங்கும், இரண்டு பக்கமும் லேசாக இழுத்தால் பிரியும். தானாகவே உதிர்ந்தால் வெந்தது அதிகம்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, சாசேஜ். லாக்ஹார்ட் சாசேஜ்களில் பெரும்பங்கு மாட்டுக்கறி, கூடவே பன்றியும் சேரும். வான்கோழி சாசேஜ் என்றாலும் மேல்தோல் எதனால் ஆனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, வெட்டும் பலகையும் கத்தியும் எல்லாக் கறிக்கும் ஒன்றே. கையுறை மாற்றி, கத்தி துடைத்து வெட்டித் தர முடியுமா என்று கேட்டால் கூட்டமில்லாத நேரத்தில் செய்கிறார்கள். ஆனால் அடுப்பும் ஒன்றுதான், மேல்தட்டுக் கறியின் கொழுப்பு கீழே சொட்டத்தான் செய்யும். அதை மனம் ஏற்காது என்றால் இந்தக் கடைகளைத் தவிர்ப்பதே நல்லது. ஹலால் பார்க்கிறவர்களும் அப்படியே. ஹலால் கறியிலேயே பார்பிக்யூ செய்யும் கடைகள் டல்லஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கின்றன, அங்கே நிம்மதியாகப் போகலாம். மாமாவிடம் பலகை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். யோசித்தார், பன்றிக்கறியைத் தனிக் காகிதத்தில் கட்டித் தந்தால் போதும் என்றார். அப்படியே வாங்கினோம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. அத்தை வந்த முதல் வாரச் சனிக்கிழமை, வேறொரு கடையில், இவர்கள் பீன்ஸ் என்று சொல்லும் வேகவைத்த பயறு சைவம்தானே என்று கேட்டேன். வெறும் பீன்ஸ்தான் என்றார் கல்லாவில் இருந்தவர். அத்தை இரண்டு ஸ்பூன் சாப்பிட்ட பிறகுதான் அடியில் சிவப்பாகச் சின்னத் துண்டு ஒன்று தெரிந்தது. பன்றிக்கறி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கல்லாக்காரர் பொய் சொல்ல நினைக்கவில்லை. அவர்கள் ஊரில் பீன்ஸில் போடும் இரண்டு துண்டு பேக்கன் எனும் உப்பிட்ட பன்றிக்கறி, நாம் சாம்பாரில் போடும் பெருங்காயம் மாதிரி. அதைத் தனியாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் விசாரித்துச் சொல்லியிருக்கலாம்.

அதனால் ‘சைவமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். பேக்கன், ஹாம், பன்றிக்கொழுப்பு, கறிச்சாறு, இதில் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பீன்ஸ், பச்சை பீன்ஸ், கீரை, சோள ரொட்டி நான்கிலும் இது ஒளிந்திருக்கும். முட்டைக்கோஸ் சாலடிலும் உருளைக்கிழங்கு சாலடிலும் மயோனைஸ் சேர்ந்திருந்தால் முட்டை இருக்கும். லாக்ஹார்ட் போன அன்று அத்தைக்கு வீட்டிலிருந்தே எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். உள்ளே பணிபுரிந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னோம், அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். எல்லாக் கடையிலும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கூடத்தில் காகிதத்தைப் பிரித்ததும் மாமா பன்றிச் சாப்ஸை எடுத்து, எலும்போரம் பிய்த்துப் பார்த்தார். உள்ளே விளிம்பு இளஞ்சிவப்பாக இருந்தது. “இன்னும் வேகலைங்களே?” என்றார். நியாயமான சந்தேகம். பன்றியும் கோழியும் வேகாமல் சாப்பிடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தச் சிவப்பு புகையால் வருவது. விறகு எரியும்போது வரும் வாயு கறியின் சிவப்பு நிறத்தோடு கலந்து, வெந்த பின்னும் அதை மாறாமல் நிறுத்திவிடுகிறது. வெளி விளிம்பில் மட்டும் ஒரு வளையமாக இருக்கும். நடுவில் சிவந்து, சாறு ரத்தமாக ஓடினால் சந்தேகப்பட வேண்டும். மாமா நடுவிலும் பிய்த்துப் பார்த்தார், சாறு தெளிவாக இருந்தது. அப்புறம் பேச்சில்லை.

மசாலா எங்கே என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். மத்திய டெக்சஸில் பெரும்பாலும் உப்பும் மிளகும்தான், கூடப்போனால் கொஞ்சம் மிளகாய்த்தூள். மாமா மென்றுகொண்டே, “நம்ம சிந்தாமணி சிக்கன் மாதிரிங்க” என்றார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கோழி, வரமிளகாய், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். கறி நன்றாக இருந்தால் அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்கிற சமையல். அதனால் சாஸை எடுத்ததும் ஊற்றிவிடாதீர்கள். முதல் இரண்டு வாய் வெறுமனே சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு ஓரத்தில் விட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். க்ரைட்ஸில் பல காலம் சாஸே கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் சாஸிலும் ‘ஸ்வீட் டீ’யிலும் கவனமாக இருக்க வேண்டும், இரண்டிலும் சர்க்கரை நிறைய. சர்க்கரை போடாத டீ என்று கேட்டால் கிடைக்கும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கறியின் மேலே கறுத்து நிற்கும் பொருக்கைக் குறைத்துக்கொள்ளலாம், உப்பெல்லாம் அங்கேதான்.

வேறு மாநிலத்தில் இதே கணக்கு செல்லாது. கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்புச் சாஸ்தான் பிரதானம். கரோலினா பக்கம் பன்றிக்கறியைப் பிய்த்து வினிகர் கலந்து தருவார்கள். மெம்ஃபிஸில் விலா எலும்பு.

பணம். ஆஸ்டின் பக்கத்தில் பெயர்பெற்ற கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டுக்கு 30 டாலரைத் தாண்டிவிட்டது. மேலே 8.25 சதவீதம் வரை வரி. கல்லாவில் திரையைத் திருப்பி டிப் கேட்பார்கள். நாமே நின்று வாங்கிக்கொண்டு போய் உட்காரும் கடையில் அது நம் விருப்பம், நான் பத்து சதவீதம் வைக்கிறேன். மேசைக்கே கொண்டுவந்து பரிமாறினால் பதினெட்டு, இருபது வைப்பதுதான் முறை. பெரிய குடும்பமாகப் போனால் ஆஸ்டின் பக்கத்து ட்ரிஃப்ட்வுட்டில் 1967-இலிருந்து இருக்கும் ‘சால்ட் லிக்’ நல்ல இடம். உட்கார்ந்த இடத்துக்கே தட்டுத் தட்டாக வரும், எடைக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை.

ஆஸ்டினின் ‘ஃப்ராங்க்ளின்’ கடையில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். 2009-இல் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கியது, 2015-இல் அதன் உரிமையாளர் ஆரன் ஃப்ராங்க்ளினுக்கு, அமெரிக்கச் சமையல்காரர்களுக்கான பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. வயதானவர்களை அங்கே நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. லெக்சிங்டன் என்ற டெக்சஸ் ஊரில் உள்ள ‘ஸ்னோஸ்’ சனிக்கிழமை மட்டும், காலை எட்டு மணிக்குத் திறக்கும். 1935-இல் பிறந்த டூட்ஸி டோமனெட்ஸ் என்ற அம்மாதான் அங்கே பிட்மாஸ்டராகப் பெயர்பெற்றவர். அத்தைக்கு டூட்ஸியின் கதையைச் சொன்னதிலிருந்து, அவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். விடுமுறை முடிவதற்குள் வாய்க்கவில்லை. அது எனக்கு இன்னும் குறையாகவே இருக்கிறது.

மிச்சத்தை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். காகிதத்தோடு ஃபாயிலில் சுற்றி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஓவனில் குறைந்த சூட்டில் வைத்தால் மறுபடி மெத்தென்று வரும். மறுநாள் மனைவி பன்றி விலாக்கறியை எலும்பு நீக்கி, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வரமிளகாயும் தாளித்துப் பிரட்டினாள். புகை வாசமும் கறிவேப்பிலையும் சேர்ந்து, சோற்றுக்கு அப்படி ஒரு பொருத்தம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, மாமாவே கேட்டார், “பத்து மணிக்கே போயிடலாமுங்களா?” பத்தேகாலுக்குப் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர்தான். எங்கள் முறை வந்ததும் மாமா முன்னால் போய், விலாவின் நடுப்பகுதியை விரலால் காட்டினார். ஓரம் வேண்டாம், இது என்று கையாலேயே சொன்னார். வெட்டுபவர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார், தலையசைத்தார். கேட்ட இடத்தில் வெட்டி எடைபோட்டுவிட்டு, கருகி மொறுமொறுவென்றிருந்த ஓரத் துண்டு ஒன்றையும் கத்தி முனையால் மாமா பக்கம் தள்ளினார். மாமா அதை ஊதி ஆற்றிப் பேரன் வாயில் வைத்தார்.